ஆஷ் தெரு, 418

இந்த வீட்டை ஐந்து முறை விற்றிருக்கிறேன்.
ஐந்து முறையும் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளருக்கே.
'மைதானத்துக்கு நடந்தே போகலாம்' என்று
முதல் மூவரிடம் சொன்னேன்.
ஓரன் டீட்ரிக்கிடம் சொல்லவில்லை.
தோற்ற சனிக்கிழமைகளில்
அந்தத் தூரம் எவ்வளவு என்று
அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

மார்லீஸ் சமையலறைக் குழாயைத் திறந்து மூடினாள்.
"எங்களுக்கு இது பதினோராவது குழாய்."
நெப்ராஸ்காவில் சரித்திர வாத்தியார், மாலையில் விசில்.
டகோட்டாவில் உதவியாளருக்கு உதவியாளர்.
மொன்டானாவில் தடுப்பு வரிசை,
அங்கே குழாயில் துரு வந்ததாம்.
இருபத்திரண்டு வருஷம் இன்னொருவரின் இடப்பக்கம் நின்றுவிட்டு
நாற்பத்தெட்டு வயதில்
கான்சஸில், எங்கள் ஊரில்
தலைமைப் பயிற்சியாளர்.

அவர் படுக்கையறைகளைப் பார்க்கவில்லை.
நேராக நிலவறைக்கு இறங்கினார்.
முந்தியவர் சுவரில் வரைந்த வட்டங்களும் பெருக்கல் குறிகளும்
நான் அடித்த வெள்ளைக்கு அடியிலிருந்து
மங்கலாகத் தெரிந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது.
அவர் வெகுநேரம் நின்றார்.
"இடது மூலையைக் காலியாக விட்டிருக்கிறார்"
என்றார். பிறகு
பேனா கேட்டார்.

முதல் வருஷம் இரண்டு வெற்றி, ஒன்பது தோல்வி.
மூன்றாம் வருஷம் பத்து வெற்றி.
முடிவெட்டுகிறவர் காசு வாங்கவில்லை,
ஒரு குழந்தைக்கு ஓரன் என்று பேர் வைத்தார்கள்,
தானியக் கிடங்கின் நெற்றியில் அவர் முகம்
கோதுமையைவிடப் பெரிதாக.

ஆறாம் வருஷம் ஒரு பையனுக்கு முழங்கால் போயிற்று.
அவன் அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து
'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கூட்டிவந்த பையன்.
இரண்டு இரவு ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கினார் டீட்ரிக்.
மூன்றாம் நாள் ஆட்டத்தில்
அவனுக்குப் பதிலாக இறங்கியவன் பந்தை நழுவவிட்டான்.
ஊருக்கு அந்தப் பந்துதான் ஞாபகம்.
நானும் கத்தினேன், பதினெட்டாம் வரிசையிலிருந்து.
என்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஒன்பதாம் வருஷம், நவம்பர்.
ஆறுக்கு நாற்பத்தொன்று.
ஞாயிறு விடியுமுன் தொலைபேசி:
ஊரெங்கும் நான் நட்டிருந்த 'விற்பனைக்கு' பலகைகளைக் காணோம்.
எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

பனி உறைந்த அவர் புல்வெளியில்
பதின்மூன்று இடத்தில்
நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.
வெர்னா கிளாசன், உங்கள் கனவு இல்லத்துக்கு.
வீட்டுச் செருப்போடு அவர்
ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணைத் தட்டி,
கம்பிகளை நிமிர்த்தி அடுக்கினார்.
"மூன்றுக்குக் கால் வளைந்திருக்கிறது, மன்னிக்கணும்."
மன்னிப்பா? நான் வாயே திறக்கவில்லை.
"எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்"
என்றார். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி.
இரண்டு பேருக்கும் அர்த்தம் தெரியும்.
வண்டியில் ஏற்றும்போது எண்ணினேன்.
பன்னிரண்டு.
மறுபடி எண்ணவில்லை.

பிப்ரவரியில் டகோட்டாவிலிருந்து ஓர் உறை.
இருபத்திரண்டு டாலர், கூட ஒரு துண்டுத் தாள்:
'ஒரு பலகை. விலை சரியா தெரியவில்லை.'
பதினெட்டுதான்.
பாக்கி நாலை எந்தக் கணக்கில் எழுதுவது என்று
இன்னும் யோசிக்கிறேன்.
இருபத்தாறு வருஷத் தொழிலில்
பலகையையே விற்றது அந்த ஒரு முறைதான்.

புதியவருக்கு முப்பத்தாறு வயது.
நிலவறைச் சுவருக்கு இந்தத் தடவை வெள்ளை அடிக்கவில்லை.
சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
இடது மூலை நிறைந்திருந்தது,
அழித்து எழுதி, அழித்து எழுதி
சுவரே அங்கே கொஞ்சம் பள்ளம்.
அவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

மேலே அவர் மனைவி.
முன்பு யார் இருந்தார்கள், ஏன் போனார்கள்
எதுவும் கேட்கவில்லை.
குழாயைத் திறந்து
தண்ணீர் சூடாகும்வரை
விரலை நீட்டியபடி நின்றாள்.