நூற்றுப் பன்னிரண்டு

ஐஸ்லாந்தின் வடக்கே செப்டம்பர் மழை
சாய்வாகத்தான் பெய்யும்.
கோடை முழுக்க மலையில் மேய்ந்த செம்மறிகள்
சேறும் சத்தமுமாய் இறங்கிவிட்டன.
வட்டப் பட்டி, ஆரக்கால்போல் தடுப்புகள்,
தடுப்புக்கு ஒரு பண்ணை.
பியார்த்மார் எண்ணி முடித்துக் கத்துகிறான்:
"தாயாடு நூற்றுப் பன்னிரண்டு!"
ஜூனில் ஏற்றிவிட்டதும் நூற்றுப் பன்னிரண்டு.
"சரியாப் போச்சு. காபி குடிக்கலாம்."

என் தம்பி நல்லவன்.
எண்ணிக்கை ஒன்றானால் எல்லாம் ஒன்று
என்று நம்புகிற அளவுக்கு.

காலணிக்குள் தண்ணீரோடு நான் நோட்டைப் பிரிக்கிறேன்.
வரிகள் நூற்றுப் பதிமூன்று.
வயிறு கொஞ்சம் கலங்கி
பிறகு அடங்குகிறது:
நான் மோரா என்று எழுதியவளையே
என் மகள் யோருன் ஸொக்கா என்று எழுதியிருக்கிறாள்,
வெள்ளைக் காலுறை போட்டவளாம்.
இரண்டு பெயர் வைத்தால் ஆடு இரண்டாகாது.
கம்பளி ஒரு முதுகுக்குத்தான் கிடைக்கும்.

வரிசையும் பொருட்டில்லை.
நோட்டில் முதலில் நிற்கும் கிழட்டுக் கொல்லா
வாசலில் கடைசியாக நொண்டி வந்தாள்.
வந்தாளா, அவ்வளவுதான்.

இனி காதுகள்.
பட்டியில் நிற்பது ஒவ்வொன்றும் நோட்டில் உண்டா?
ஈரக் காதுகளை விரலால் வாசிக்கிறேன்.
இடக்காதில் நுனிவெட்டு, வலக்காதின் பின்னே ஒரு கொத்து,
எங்கள் கையெழுத்து.
உண்டு. உண்டு. ஒரு உதை. உண்டு.
தொண்ணூற்று நான்காவதில் விரல் நிற்கிறது:
இரண்டு காதிலும் பிளவு.

ஓர்முருடையது.
ஆற்றுக்கு அப்பால் இருப்பவன்.
வேலி பற்றிய ஒரு கடிதத்துக்குப் பின்
பதினொரு ஆண்டாக என்னோடு பேசாதவன்.

எண்ணிக்கை பொய் சொல்லவில்லை, பியார்த்மார்.
நாம் கேட்காததை அது சொல்லவில்லை.
கோப்பையைக் கீழே வை.
மறுதிசையிலும் பார்க்க வேண்டும்:
நோட்டில் இருப்பது ஒவ்வொன்றும் பட்டியில் உண்டா?

ஃப்ளெக்கா இல்லை.

பிளவுக் காதுக்காரியைக் கொம்பில் பிடித்து
மூன்று தடுப்பு தாண்டி இழுத்துப் போகிறேன்.
அங்கே ஓர்முர் சேற்றில் மண்டியிட்டு
ஒரு புள்ளிக் கன்னத்தை முழங்காலில் அணைத்து
காதில் விரலை வைத்துக்கொண்டிருக்கிறான்.
அவன் கணக்கும் சரியாகத்தான் வந்திருந்தது.
அவனும் மறுதிசையில் பார்த்திருக்கிறான்.

"உன்னுது."
"உன்னுது."
பதினொரு ஆண்டுக்குப் பின் இவ்வளவு.

ரெய்க்யவிக்கில் இரண்டு பருவம் கணிதம் படித்தேன்,
பிறகு பண்ணை கூப்பிட்டது.
வெற்றுக்கணம் உலகில் ஒன்றே ஒன்று என்றார்கள்.
என் இல்லாமையும் அடுத்தவன் இல்லாமையும்
எப்படி ஒன்றாகும் என்று
பரீட்சைத் தாளில் சண்டை போட்டேன்.
ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத
ஏதாவது ஒரு உறுப்பைக் காட்டு, போதும்
என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார்கள்.
மதிப்பெண்ணும் பிடுங்கிக்கொண்டார்கள்.

இன்னும் மலையில் நிற்கும் என் ஆடுகள்:
எவையுமில்லை.
இன்னும் மலையில் நிற்கும் அவன் ஆடுகள்:
எவையுமில்லை.
மேலே பார்க்கிறேன். அவனும் பார்க்கிறான்.
காட்ட ஒன்றுமில்லாத மலைமேல்
மேகம் இறங்குகிறது.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவன்.
ஒரு கணம் காலியாக நிற்கிறது,
இருவருக்கும் அதே கணம்.
ஃப்ளெக்கா தும்முகிறாள்.