ட்ரையருக்குப் பின்னால்

வெள்ளி இரவு
ஏஞ்சல் சோடி பைப்புத் துண்டில் முட்டை வைத்தது.
ஞாயிறு, முட்டை இருந்த இடத்தில் வால்கள் துடித்தன.
வியாழன் நீந்தும்.
குளிர் கூடினால் வெள்ளி.
நீந்திய அன்றைக்கே பசிக்கும்.

போன தடவை
அவித்த முட்டை மஞ்சளைக் கரைத்துவிட்டேன்.
தண்ணீர் நாறி
எழுபதும் போயின.

இந்தத் தடவை கண்டியிலிருந்து
காகிதத்தில் மடித்த இறால் முட்டை, இரண்டு தேக்கரண்டி.
விரலில் ஒட்டினால் கறுவாத்தூள்.
ஈரம் படாவிட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்குமாம்.
எந்தக் கடலினது என்று கேட்டேன்.
கடலே இல்லை, வேறு தேசத்து உப்பு ஏரி என்றார் கடைக்காரர்.
இறால் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.

ஒரு கரண்டியை லயத்திலேயே வீணாக்கினேன்.
ஒரு லீட்டர் தண்ணீர், கல்லுப்பு,
அடியை வெட்டித் தலைகீழாய்க் கட்டிய சோடாப் போத்தல்,
இரண்டு பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்பு.
இரண்டு நாள் குமிழி வந்தது.
வேறொன்றும் வரவில்லை.
மஸ்கெலியாக் குளிர்
கேட்காமலே கம்பளிக்குள் வந்து படுக்கிற குளிர்.
முட்டை கேட்பது இருபத்தெட்டுப் பாகை.
எங்கள் வீட்டில் அது
அடுப்படியில் மட்டும் இருந்தது,
அதுவும் சோறு வேகும்வரை.

ஆகவே செவ்வாய் இரவு
மிச்சக் கரண்டியோடு ஃபெக்டரிக்குப் போனேன்.
ட்ரையருக்குப் பின்னால், சாக்குகளுக்கும் சுவருக்கும் நடுவில்
ஒரு போத்தல் நிற்க இடமிருக்கிறது.
புதன் மழையில் கொழுந்து குறைந்து
மத்தியானமே ட்ரையரை நிறுத்திவிட்டார்களாம்.
இரவு வந்து தொட்டுப் பார்த்தேன்.
செங்கல் இன்னும் சூட்டை விடவில்லை.

பம்பின் கொர்ர் சத்தம் காட்டிக்கொடுத்தது.
வாச்சர் சவரிமுத்து குனிந்தார்.
"என்னாடா இது, கசிப்பா?"
வெட்டிய வாயில் மூக்கை வைத்தார்.
"கருவாடு கழுவுன தண்ணியாட்டம் இருக்கு."

அவருடைய டோர்ச்சையே வாங்கி
பம்பை நிறுத்தி
போத்தலின் கழுத்தடியில் பிடித்தேன்.
கோதுகள் மேலே போயின.
கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர்.
பிறகு கலங்கலிலிருந்து
ஒரு செம்மஞ்சள் புகை பிரிந்து
தத்தித் தத்தி
வெளிச்சத்துக்கு இறங்கி வந்தது.

"அம்புட்டும் உசுரா?"
"உசுருதான்."
"என்னா திங்கும்?"
"இன்னைக்கி ஒண்ணும் திங்காது. வவுத்துல கொண்டாந்தது போதும்."
"அப்ப நாளைக்கி?"

நாளைக்கு இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது.
பொரிந்த சூட்டோடு கொடுத்தால்தான் சத்து.
வைத்திருந்தால்
கொண்டுவந்ததைத் தாமே செலவழித்துவிடும்.

சவரிமுத்து டோர்ச்சைத் திருப்பிக் கேட்கவில்லை.
சாக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
"வெளிச்சங்காட்டிக் கூப்புட்டுல்ல குடுக்குற" என்றார்.

நான் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன்.
உப்பு நாக்கில் பட்டது.
உப்பு மட்டும்தான் என்று சொல்ல முடியாது.
கைலேஞ்சியில் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி
ஜாம் போத்தலில் ஊற்றிக்கொண்டு
விடிய லயத்துக்கு ஓடினேன்.

பைப்புத் துண்டு காலியாக இருந்தது.
குஞ்சுகள் தொட்டி முழுவதும்
ஊசிமுனை ஊசிமுனையாக, எங்கே போவதென்று தெரியாமல்.
சொட்டுச் சொட்டாக விட்டேன்.
முதலாவது குஞ்சு உடம்பை வளைத்து, நின்று,
எட்டிக் கொத்தியது.
ஒரு மணி நேரத்தில்
ஒவ்வொரு கண்ணாடி வயிற்றிலும்
செம்மஞ்சளாக ஒரு புள்ளி.
எண்ணினேன். நூற்றுப்பதினொன்று.
மறுபடி எண்ணினால் நூற்றெட்டு.

அன்றைக்கே கண்டிக்குச் சொல்லிவிட்டேன், இன்னும் நாலு கரண்டிக்கு.

அடுத்த புதன் விடியற்காலை ஐந்து மணி, பனி.
கேட்டில் வரிசையாகப் பை திறந்து காட்டவேண்டும்,
யாராவது தூள் எடுத்துப்போகிறார்களா என்று.
சவரிமுத்து என் பைக்குள் டோர்ச்சடித்தார்.
சாப்பாட்டுப் பெட்டி. துவாய்.
போத்தல்.
அது வந்ததும் டோர்ச்சை அணைத்துவிட்டு
இருட்டிலேயே
கையால் தடவிப் பார்த்தார்.