கண் திறந்தபடி செத்தால் இருநூறு கூட

பள்ளத்தூரில் இந்த வீட்டுக்கு
கல்யாண சீன் என்றால் ஒரு வாடகை,
பேய்க்கு ஒன்று,
கொலைக்கு ஒன்றரை மடங்கு.
கறை போக நாலு நாள் ஆகும் என்கிறார்
சாவிக்கொத்தோடு நிற்கும் அடைக்கப்பன்.
பங்காளிகள் முப்பத்தெட்டுப் பேர், பாதி ஈப்போவில்.
யார் பங்குத் தரையில் விழுகிறேன் என்று
கேட்டுக்கொண்டு விழ முடியாது.

இதோடு பன்னிரண்டாவது சாவு.
அருவாளில் எட்டு, தோட்டாவில் மூன்று.
ஒருமுறை காரோடு கொளுத்தினார்கள்;
அதற்கு டூப் வந்தான்,
என் சட்டையை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.
புதுவயல் ஆலையில் நாளெல்லாம் மூட்டை தூக்கும் கூலி
இங்கே மதியத்துக்குள் கிடைத்துவிடும்.
கழுத்தில் வெட்டு என்றால் முந்நூறு அதிகம்.
கண் திறந்தபடி செத்தால்
இன்னுமோர் இருநூறு.

ரத்தம் அருள்சீலியின் பொறுப்பு.
சோளமாவு, சர்க்கரைப் பாகு, சிவப்புச் சாயம்,
ஒரு சிட்டிகை காபித்தூள்.
நேற்றைய ரத்தம் என்றால் இரண்டு சிட்டிகை.
"எறும்பு வரும், அசையாதீங்க" என்றாள்.
வந்தது.
ஆத்தங்குடிக் கல்லின் பூவில் கன்னம் வைத்துக் கிடந்தேன்.
சித்திரை மாதத்தில்
அந்தச் சில்லிப்பும் ஒரு சம்பளம்தான்.

தாதா மாடிப்படியில் இறங்கி வருகிறார்.
மெதுவாக்குவது கேமராவின் வேலை, சாதாரணமாக வாருங்கள் என்று
மூன்று டேக் சொல்லியும்
மெதுவாகவேதான் வருகிறார்.
பின்னால் பதினாறு பேர், கையில் அட்டை அருவாள்.
எல்லாம் எங்கள் ஆலைப் பையன்கள்.
தேக்குத்தூணில் சாய்ந்து வசனம் பேசுகிறார்.
பயத்தைப் பற்றி ஒன்று. நாயைப் பற்றி ஒன்று.
அப்புறம் பயந்த நாயைப் பற்றி.

நாலாவது டேக்கில்
என் இடுப்பில் போன் அதிர்ந்தது.

கல்தரை, கைலி, தகர பெல்ட்டு.
வீடு முழுக்கக் கேட்டது.
"பிணத்துக்கு யாருய்யா போன் குடுத்தது?"
பதினாறு கொலைகாரர்களும் சிரித்தார்கள்.
தாதா கூட.

டீ இடைவேளையில்
தாடியைச் சொறிந்துகொண்டே டைரக்டர் யாரிடமோ புலம்புகிறார்:
இனி இந்தப் படம் ஓடாது சார்,
அதே அருவா, அதே சபதம், அதே குடைசாயும் சுமோ,
அடுத்து எதைக் காட்டுறதுன்னே தெரியல.
கழுத்து வெட்டோடு போய் நின்றேன்.
போனைக் காட்டினேன்.

மகள் பீஸுக்கு ஒன்பதாயிரம் எடுத்தது.
ஆறே வாரத்தில் இருபத்தெட்டாயிரம்.
அத்து மீறவே இல்லை அந்தப் பெண்குரல்,
ஒவ்வொரு வாக்கியத்திலும் "சார்" போட்டது.
பாண்டிமீனாள் முகத்தை
வேறெந்த உடம்பிலோ ஒட்டிய படம்.
என் போனில் இருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
சாயங்காலம் ஆறு மணிக்குப் போகும்.
தாதாவிடம் இருப்பது பதினாறு பேர்.

மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் படித்தார்.
டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.
"இதுல வில்லன் எங்க நிப்பான்?" என்றார்.
என்னைக் கேட்கவில்லை.
"லைட்ட எங்க வைக்கிறது?"
அந்தப் பெண்ணும் எங்கோ கூலிக்குத்தான் பேசுகிறாள் சார் என்றேன்.
அதற்குள் கேமராமேன் கூப்பிட்டார்,
முற்றத்து வெயில் சாய்கிறதாம்.

ஐந்தாவது டேக்.
போனை அருள்சீலியிடம் கொடுத்துவிட்டுச் செத்தேன்.
அவள் அதை ரத்த வாளி வைத்த
ஸ்டூலின் மேல் வைத்தாள்.
தாதா இறங்கினார். தூண். பயம். நாய்.
நான் இமைக்கக் கூடாது, இருநூறு.
திறந்த கண்ணுக்கு நேர் எதிரே
வாளிக்குள் சிவப்பு
நடுவிலிருந்து வளையம் வளையமாக
விளிம்புக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

யாரும் வெட்டாத ரத்தம்,
தானாக நடுங்கிக்கொண்டிருந்தது.

கேமரா தாதா பக்கம் இருந்தது.
ஓகே என்றார்கள்.