பதினாலு நாள் டிரையல்

ஒரே கணினியில் இரண்டு மென்பொருள்,
இரண்டு ஜன்னலாய்.
பதினாலு நாள் இலவசம். இன்று பதினொன்று.
காசிமேட்டில் ஏலக்கூச்சல் ஓய்ந்து
ஐஸ் வண்டிகள் தெருவை நனைத்துப் போகும் நேரம்.
"எது தேவலாம்னு சனிக்கெழமைக்குள்ள சொல்லிடும்மா"
தேசப்பன் சார் ஒரு தண்ணீர் பம்ப்பை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு
திருவொற்றியூர் போய்விட்டார்.

முதலாவதில் அறிக்கை நாற்பத்திரண்டு வகை.
வட்டம், தூண், புனல்.
புனலின் வாயில் விசாரித்தவர்கள்,
இடுப்பில் பேரம் பேசியவர்கள்,
அடியில் வாங்கியவர்கள் சொட்டுகிறார்கள்.
எங்கள் கடையில் யாரும் அப்படிச் சொட்டுவதில்லை.
நடுக்கடலில் என்ஜின் நின்று
இன்னொரு படகு இழுத்துவர,
எரிந்த கேஸ்கட்டைக் கையில் பிடித்தபடி
நேரே அடிப்பகுதிக்குத்தான் வருகிறார்கள்.

இரண்டாவதில் எட்டே வகை. நிறம் கம்மி.
வேண்டிய பத்தியை நாமே சேர்க்கலாம்.

போன வருஷக் கணக்கை இரண்டிலும் ஏற்றினேன்.
மே மாதம் முதலாவது துள்ளியது:
விற்பனை இருநூறு சதவீதம் உயர்வு,
வாழ்த்துகள், திரையெங்கும் காகிதத் துணுக்குகள்.
இதே வேகத்தில் போனால் அக்டோபரில்
நாங்கள் கோடீஸ்வரர்கள்.
மே மாதம் தடைக்காலம்.
கடல் பூட்டியிருக்கும், படகுகள் கரையேறியிருக்கும்,
எல்லா என்ஜினும் பிரித்துப் போட்டிருக்கும்.
வாங்கியதெல்லாம் கடன்.
அதைச் சொல்ல அதில் கட்டமில்லை.
இரண்டாவதில் "கடன் வயது" என்று ஒரு பத்தி போட்டேன்.
காகிதத் துணுக்குகள் விழவில்லை.
ஜூலை இரண்டாம் வாரம் வரை
ஒரு நீளமான சாம்பல் கோடு.

அப்புறம் சூசைகள்.
மரியசூசை, சூசைநாதன், வெறும் சூசை.
மூவரும் கொடுத்த எண் ஒன்றே,
மூவரில் யாரிடமும் வேலை செய்யாத ஒரு டிரைவருடையது.
முதலாவது அவர்களை ஒரே ஆளாக்கி
"மிகச் சிறந்த வாடிக்கையாளர்" என்று நட்சத்திரம் குத்தியது.
இரண்டாவது கேட்டது:
இவர்கள் ஒருவரா? உறுதியா?
மென்பொருள் ஒன்று சந்தேகப்படுவது
எனக்குப் பிடித்திருந்தது.

பதினோராம் நாள் மத்தியானம்,
சாப்பாட்டு டப்பாவை மூடாமலே
"பணியாளர் செயல்பாடு" என்பதைத் தட்டினேன்.
முதலாவது:
தேசப்பன், முடித்த ஆர்டர் 912.
எஸ். குணவதி, 0.
பில் அவர் பெயரில் போகிறது. சரிதான்.
இரண்டாவது ஆர்டரைக் கேட்கவில்லை,
அழைப்பை எண்ணியது:
எஸ். குணவதி, 3,406.
இரவு ஒன்பதுக்கு மேல், 518.

அந்த எண்ணை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
நானும் என்னிடம் கேட்டதில்லை.
பிரிண்ட் பொத்தான் வரை போய்
கையை எடுத்துக்கொண்டேன்.

சாயந்திரம் வந்தார். "இன்னாம்மா, எது?"
"ரெண்டாவது சார்."
"மொதலாவது கலர் கலரா கீதே?"
"இதுல யாரு எத்தினி நாளா பாக்கின்னு தெரியும்."
பொய்யில்லை.
"மாசம் முந்நூறு ஜாஸ்தியாமே."
கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார்.

போன் அடித்தது.
அவர் என்னைப் பார்த்தார்.
இரண்டு மணி அடிக்க விட்டு
முதலில் புதுப் பதிவைத் திறந்தேன்,
நேரம் 7.42, எடுத்தவர் குணவதி,
பிறகு ரிசீவரை.

"சொல்லுங்கண்ணே.
எந்த சூசை?"