வாயில்லாப் பூச்சி

செமாராங்கில் பின்மாலை மழை.
தையல் ஆலைக் கேன்டீனில்
முந்நூறு தட்டு கழுவிவிட்டு
வருகிறாள் வுர்யானி.
ஸ்கூட்டரில் காலடியில் ஒரு பெயின்ட் வாளி.
வாளிக்குள்
யாரோ பாதியில் எழுந்துபோன சோறு,
கருகிய தெம்பே விளிம்பு,
பலாச்சக்கை, ஒரு கோழிக்கால்,
மேற்பார்வையாளர் தொடாத பப்பாளி.

சந்துக்குள் வண்டி திரும்பியதுமே
பக்கத்து வீட்டுச் சுலாஸ்மி
சன்னலைச் சாத்துவாள்.
மூன்று வருடமாய்
அந்தச் சத்தம்தான் இருவருக்கும் பேச்சு.

கொல்லையில் நீலத் தொட்டி.
மூடியைத் தூக்கினால்
முகத்தில் அடிக்கிறது சூடு,
காய்ச்சல்காரன் போர்வையை விலக்கினாற்போல.
காது கொடுத்தால்
எங்கோ எண்ணெயில் எதுவோ பொரிகிறது.
ஐயாயிரமா, பத்தாயிரமா,
எண்ணியதில்லை அவள்.
கொட்டுகிறாள்.
சோறு அசைகிறது.
சோறு நகர்கிறது.
பிறகு சோறு இல்லை.

விடிந்து பார்த்தால் எலும்பு மட்டும்
துலக்கிக் கவிழ்த்த பாத்திரமாய்க் கிடக்கும்.
"நீங்களும் என் வேலைதானா?"
என்று கேட்டாள் ஒருநாள்,
சுற்றிலும் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு.

ஜனவரியில் அந்த இரவு
மூடி காற்றில் போயிற்று.
தொட்டிக்குள் மழை இறங்கிற்று.
காய்ந்த சுவரில் வழுக்கி வழுக்கி விழுந்தவை
ஈரச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறின.
வரிசை இல்லை, தலைவன் இல்லை.
வடிகால் ஓரமாக,
வேலித் தகரத்தின் கீழாக,
சுலாஸ்மியின் அடுக்களைக் கதவு
தரையோடு சரியாகப் பொருந்தாத
அந்த ஒரு விரற்கடை வழியாக.

விடியலில் ஓர் அலறல்.
துடைப்பமும் முறமுமாய் ஓடினாள் வுர்யானி,
மன்னிப்பை வாய்க்குள் உருட்டிக்கொண்டே.
அள்ள ஒன்றுமில்லை.
சுலாஸ்மியின் ஏழு கோழிகள்
கழுத்துப்பை புடைத்து
நடக்க மாட்டாமல் நின்றன
அடுப்படியில்.
இரண்டு பெண்களும் கோழிகளைப் பார்த்தார்கள்.
வெகுநேரம்
கோழிகளை மட்டுமே பார்த்தார்கள்.

சந்துக் கூட்டத்தில் சுலாஸ்மி எழுந்தாள்.
நாற்றம் என்றாள். அருவருப்பு என்றாள்.
குழந்தைகள் புழங்கும் இடம் என்றாள்.
வுர்யானி தன் செருப்பு வாரைப் பார்த்திருந்தாள்.
"அவள் வாயில்லாப் பூச்சி,
அவளிடம் போய் ஏன்?" என்றார்
தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த சுகிர்னோ.
புகாரை எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் வேலிக் கம்பியில்
முடிச்சுப் போட்ட பை ஒன்று தொங்கியது.
வாழைத்தோல், கீரைக்காம்பு,
மஞ்சள் ஒட்டிய முட்டை ஓடுகள்.
அதற்கு மறுநாளும்.
புகார் இன்னும் வாபஸ் ஆகவில்லை.
பை வராத நாளும் இல்லை.

தின்று தீர்ந்தவை கருத்துப்போகும்.
யாரும் சொல்லாமலே
சரிவுப் பலகையில் ஏறி
அந்தப் பக்கத்து வாளியில் தாமே விழும்.
பாதி, கெளுத்தி மீன் தொட்டிக்கு.
ஒரு பிடியைக் கொசுவலைக் கூண்டில் விடுவாள்.

இரண்டு வாரம் கழித்து
கூண்டில் ஓர் ஈ.
பெயர் கறுப்புச் சிப்பாய்.
ஆயுதம் கிடையாது.
கொட்டாது, கடிக்காது,
சோற்றுப் பக்கமே வராது.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
இதுவோ புழுவாய்ப் பிழைத்த பிழைப்பெல்லாம் போதுமென்று
வாயை அங்கேயே விட்டுவிட்டு வந்தது.
வெள்ளைக் கால்கள்.
வயிற்றில் இரண்டு கண்ணாடிச் சன்னல்,
சாத்தத் தெரியாதவை.

மகன் உடைத்த ஸ்கேலின் துண்டு இரண்டை
ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி
உள்ளே வைத்திருக்கிறாள்.
இன்று பிரித்துப் பார்த்தாள்:
ஏழாம் சென்டிமீட்டருக்கும் எட்டுக்கும் நடுவில்
வெளிர்மஞ்சளாய் ஒரு கொத்து முட்டை.
நாலு நாளில் பசி பிறக்கும்.
மெல்ல மூடிக் கட்டினாள்.

பக்கத்தில் சன்னல் சாத்தும் சத்தம்
இன்று கேட்கவில்லை.
மழைச் சத்தத்தில்
கேளாமலும் போயிருக்கலாம்.