நூறு எம்பி

அயோத்தியாபட்டணம் தாண்டி
ஜவ்வரிசி மில் வாசலில்
ஏழு லாரி மரவள்ளி நிற்கிறது.
எடை மேடை அறைக்குள்
கறுப்புத் திரையில் ஒற்றை வரி:
பூட் டிவைஸ் இல்லையாம்.

"நேத்து ராத்திரிதாங்க்கா புதுசா விண்டோஸ் போட்டேன்.
நல்லாத்தான் ஓடுச்சு"
என்கிறான் சித்தேஸ்வரன்.
நல்லாத்தான் ஓடுச்சு என்று சொல்லாத ஒருவரை
பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

பெட்டியைத் திறந்தேன்.
விசிறியில் மாவு. பலகையில் மாவு.
ஸ்க்ரூவின் தலைப் பள்ளத்திலும் மாவு.
ஊதினால் என் முகத்துக்கே திரும்புகிறது.
புது எஸ்எஸ்டி, மேல்தாள் உரிக்காமல் மாட்டியிருந்தது.
பக்கத்தில் ஒரு கேபிள்
எதையும் பிடிக்காமல் தொங்கியது.

"இதுல என்ன இருந்துச்சு?"
"பழைய டிஸ்க்குங்க. கரகரன்னு ஒரே சத்தம்.
காலைல கழட்டிட்டேன்."
"எங்க அது?"
பதில் வரவில்லை.
பழைய இரும்பு வண்டி வந்திருக்கிறது,
நாற்பது ரூபாய் கொடுத்திருக்கிறது.

இயந்திரம் விழித்ததும் முதலில் தட்டும் கதவு
அந்த நாற்பது ரூபாயில் இருந்தது.
புதிதாய்ப் போட்டபோது
பழையதில் ஏற்கெனவே ஒரு கதவு இருக்கக் கண்டு
அதையே வைத்துக்கொண்டுவிட்டது விண்டோஸ்.
வீடு இங்கே, வாசல் அங்கே.
இரண்டும் ஒரே பெட்டிக்குள் கிடந்தவரை
யாருக்கும் தெரியவில்லை.

பென்டிரைவ் வழியாக நுழைந்து
கட்டளைத் திரை திறந்தேன்.
இந்தப் பக்கமாய் வந்தால்
எழுத்துகள் இடம் மாறி உட்காரும்.
சி என்று நம்பியது டி.
டி என்று நினைத்தது என் பென்டிரைவே.
தெரிந்தும் முதல் தடவை ஏமாந்தேன்.
சித்தேஸ்வரன் வெளியே பார்த்த நேரம்
பேக்ஸ்பேஸ் அடித்தேன்.

ஜன்னலில் ஒரு தலை. மாதையன், மூன்றாவது லாரி.
"நேத்து விடியக்கால பறிச்ச கிழங்குங்க.
இன்னும் ஒரு ராத்திரி கெடந்தா கறுத்துரும்.
பாயிண்ட் எறங்குனா
காட்டுக்காரனுக்கு நானா பதில் சொல்றது?"
சாட்சிக்கு ஒன்றை ஒடித்து
ஜன்னல் கட்டையில் வைத்துப் போனான்.
வெள்ளையில் ஒரு நீல நரம்பு
ஓடத் தொடங்கியிருந்தது.

டிஸ்க்கின் வாலில் நூறு எம்பி வெட்டினேன்.
ஒரு மூட்டை ஜவ்வரிசி என்று வைத்துக்கொண்டால்
ஒரு பிடிகூட வராது.
அதற்கு ஓர் எழுத்து கொடுத்து
ஒரே ஒரு வரி தட்டினேன்.
கோப்புகள் உருவாயின என்றது.
நீலம் வந்தது, வட்டம் சுற்றியது,
சித்தேஸ்வரன் மகளின் பிறந்தநாள் படம் வந்தது.
அவன் கும்பிட்டான், திரையையா என்னையா
தெரியவில்லை.

அப்போது கரண்ட் போனது.

ஜெனரேட்டர் இருமி எழுந்தபோது
அதே கறுப்பு. அதே வரி.
வெளியே யாரோ ஹாரனில் கையை வைத்தார்கள், எடுக்கவில்லை.

பயாஸுக்குள் போனேன்.
அங்கே இரண்டாயிரத்துப் பதினொன்று, ஜனவரி ஒன்று.
பலகையில் பொத்தான் பேட்டரி செத்து எத்தனை நாளோ.
கரண்ட் போகும்போதெல்லாம்
எந்த வழியில் எழ வேண்டும் என்பதையே மறந்துபோகும் பெட்டி
இதுவரை பழைய வழியில் எழுந்துகொண்டிருந்தது,
அதனால் பிழைத்திருந்தது.

இரவு பதினொன்றுக்கு
பொத்தான் பேட்டரி விற்கும் கடை எது?
பனியனோடு வந்து நின்றார் முதலாளி செங்கோடன்.
விரலில் சாவிக்கொத்து சுழன்றது.
"உங்க கார் ரிமோட்டைக் கொடுங்க."
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
கிழங்கு வெட்டும் கத்தி முனையால் பிளந்தோம்.
அதே அளவு.

தேதியைத் திருத்தினேன். வழியைச் சொன்னேன்.
நானே மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவை.
முதல் லாரி மேடையில் ஏறியது.
பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
பிரிண்டர் கத்தியது,
சீட்டில் இன்றைய தேதி.

பைக்கை எடுக்கும்போது பார்த்தேன்:
சேர்வராயன் மலையில் ஏதோ வண்டியின் வெளிச்சம்
ஒரு கொண்டை ஊசியில் திரும்பி அணைந்தது.
காருக்கு முன்னால் நின்று
செங்கோடன் ரிமோட்டை அழுத்தினார்.
இன்னொரு தடவை அழுத்தினார்.