விழ வைப்பது என் வேலை

காலை ஒன்பதிலிருந்து
அவனை விழ வைப்பதற்குத்தான் சம்பளம்.
பிர்னோவில், ட்ராம் திரும்பும் முனைக்கு மேலே, மூன்றாம் மாடி.
ஹெல்மெட் இல்லை அவனுக்கு,
முகம்கூட இன்னும் வரையவில்லை.
மஞ்சள் பனியன் மட்டும்.

சதுரத்தை அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் எழும்.
விடுவதற்குள் இடது குச்சியைக் கீழே இழுக்கவேண்டும்;
பாலம் முழுக்க ஒற்றைச் சக்கரத்தில் போவான்.
அந்தரத்தில் தோள் பட்டனைத் தட்டினால்
சைக்கிள் மட்டும் ஒரு சுற்று சுற்றி
காலடிக்கே வந்துசேரும்,
கோபித்துக்கொண்டு போன பூனை மாதிரி.

இன்று தேவாலயப் படிக்கட்டு.
இருநூற்றுப் பன்னிரண்டு முறை உருண்டான்.
முழங்கை சுவருக்குள் போனது. எழுதினேன்.
விழுந்த பிறகும் பெடல் சுற்றியது. எழுதினேன்.
ரொட்டியை மென்றபடி எட்டிப்பார்த்த ராதிம்
"பாவம், கொஞ்சம் உட்காரவிடு" என்றான்.

நாலே முக்காலுக்கு, கடைசிப் படியில்,
பின் பிரேக்கோடு குதியையும் சேர்த்து
அழுத்திவிட்டேன், கை தவறி.

அவன் இறங்கவில்லை.
கோபுரம் தாண்டி
மேகமென்று ஒட்டிவைத்த வெள்ளை தாண்டி
மிதித்துக்கொண்டே போனான்.
வரையாத முகம் ஒருதரம் திரும்பியது போலிருந்தது.

"ஏதாவது சிக்கியதா?"
"இல்லை ராதிம்."

கீழே, மழையில், கம்பத்தோடு பூட்டிய என் சைக்கிள்.
அக்டோபரிலிருந்து பின்டயரில் காற்றில்லை.
உருட்டிக்கொண்டு நடந்தேன்.
நடைபாதை விளிம்பு வந்ததும்
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு
ஏறி உட்கார்ந்து, பின் பிரேக்கைப் பிடித்து
ஒரு குதி.

சாக்ஸ் வரை நனைந்தது.